இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், பறக்க எத்தனை மணி நேரம்: நீங்களே கணக்கிடும் வழி

இரண்டு தொலைதூர ஊர்களின் பெயரைப் போட்டுத் தூரமும் பறக்கும் நேரமும் தேடினால், நாலு தளத்தில் நாலு விடை வரும். ஒன்று கிலோமீட்டரில் சொல்லும், இன்னொன்று மைலில், வேறொன்று கடல் மைலில். நேரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாதித் தளங்கள் தூரத்தை ஏதோ ஒரு வேகத்தால் வகுத்துக் கிடைத்ததை அப்படியே போட்டுவிடுகின்றன. முதல் தடவை நெடுந்தூரம் பறக்கப்போகிறவர் அதை நம்பித்தான் அடுத்த விமானத்தையும் அழைத்துப்போக வருபவரையும் ஏற்பாடு செய்கிறார்.

தூரம் ஒரே எண். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மாறாது. நேரம் அப்படியில்லை. போக ஒரு நேரம், வர ஒரு நேரம், குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று நிற்கும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான். எடுத்துக்காட்டுக்கு டோக்கியோ, சான் பிரான்சிஸ்கோ என்ற ஒரே ஜோடியைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். பசிபிக் கடல், தாண்டினால் தேதியே மாறும் தேதிக்கோடு, எதிர்க்காற்று என்று பார்க்க வேண்டிய எல்லாமே அந்த ஒரு வழியில் இருக்கின்றன.

முதலில் ஊர் எது, ஏர்போர்ட் எது

ஊரின் பெயர் மட்டும் போதாது. டோக்கியோவுக்கு ஹனேடா, நரிடா என்று இரண்டு பன்னாட்டு ஏர்போர்ட்கள். ஹனேடா நகர மையத்திலிருந்து சுமார் 15 கி.மீ., நரிடா சுமார் 60 கி.மீ. வானத்தில் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. இறங்கிய பிறகு தெரியும்.

ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. ஹனேடாவுக்கு எச்.என்.டி., நரிடாவுக்கு என்.ஆர்.டி., சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ்.எஃப்.ஓ. டிக்கெட் தேடும்போது டி.ஒய்.ஓ. என்று வந்தால் அது நகரத்துக்கான பொதுக் குறியீடு. இரண்டு ஏர்போர்ட்களின் விமானங்களையும் சேர்த்துக் காட்டும். அதனால் போவது ஒன்றிலிருந்தும் திரும்புவது இன்னொன்றிலும் என்று டிக்கெட் அமைந்துவிடலாம். பணம் கட்டுமுன் குறியீட்டைப் பாருங்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பது இன்னும் பெரிய வம்பு. கலிபோர்னியாவில் ஒரு சான் ஹோசே, கோஸ்டாரிகாவின் தலைநகரமும் சான் ஹோசே. இங்கிலாந்தில் ஒரு பர்மிங்காம், அமெரிக்காவின் அலபாமாவில் இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு என்று கிளம்பி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சிட்னியில் போய் இறங்கியவர்கள் நிஜமாகவே உண்டு. சிரிப்பாக இருக்கும், ஆனால் தவறு ஊர்ப் பெயரில் இல்லை, குறியீட்டைப் பார்க்காததில்தான்.

தூரத்தை அளப்பது

தட்டையான உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடாதீர்கள். டோக்கியோவும் சான் பிரான்சிஸ்கோவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், அதாவது 36, 38 டிகிரி வடக்கில் இருக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் நேராகக் கிழக்கே போனால் போதும் என்று தோன்றும். உருண்டையான பூமியில் குறுக்கு வழி அது இல்லை. பூமியை அதன் மையத்தின் வழியாக வெட்டினால் கிடைக்கும் பெருவட்டத்தின் வழியே போவதுதான் மிகக் குறைந்த தூரம். இந்த ஜோடிக்கு அந்த வழி நடுவில் 48 டிகிரி வடக்குவரை ஏறி இறங்குகிறது. இரண்டு ஊர்களுக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே! விமானத்துக்குள் இருக்கும் திரையில் பாதை வில்லாக வளைந்து அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளை நோக்கிப் போவதைப் பார்த்து, "ஏன் சுற்றிக்கொண்டு போகிறார்கள்?" என்று பலர் கேட்பார்கள். சுற்றவில்லை. அதுதான் நேர்வழி.

அளக்க மூன்று வழி இருக்கிறது. கூகுள் மேப்ஸில் ஒரு இடத்தில் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்து, இன்னொரு இடத்தில் கிளிக் செய்தால் பெருவட்டத் தூரமே கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். கார் வழியைக் காட்டும் வசதியை மட்டும் தொடாதீர்கள், அது சாலைத் தூரம்.

வீட்டில் குளோப் இருந்தால் இரண்டாவது வழி. ஒரு நூலை இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடியுங்கள். இழுத்ததும் நூல் தானாகவே வடக்கே ஏறி உட்காரும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் பெருவட்டம் என்ற சொல்லே தேவைப்படாது. குளோபின் விட்டம் 30 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 94 செ.மீ. அதுதான் பூமியின் 40,000 கி.மீ. ஆக, நூலில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. இந்த ஜோடிக்கு நூல் 19.5 செ.மீ. வரும், பெருக்கினால் சுமார் 8,290 கி.மீ.

மூன்றாவது, கால்குலேட்டர். கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஹனேடா 35.55 டிகிரி வடக்கு, 139.78 கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட் 37.62 வடக்கு, 122.38 மேற்கு. தீர்க்கரேகை வித்தியாசத்தைப் பசிபிக் பக்கமாக எடுத்தால் 360-லிருந்து 262.16 போக 97.84 டிகிரி. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.355. கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதோடு 97.84-இன் கொசைனையும் பெருக்கினால் மைனஸ் 0.088. இரண்டையும் கூட்டினால் 0.267. எந்தக் கோணத்தின் கொசைன் 0.267? 74.5 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ., ஆக 8,280 கி.மீ. சொச்சம். இதே தூரத்தை அட்சரேகையை ஒட்டி நேர்க்கிழக்காகப் போயிருந்தால் 8,700 கி.மீ.க்கு மேல் வந்திருக்கும். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் இந்தக் கணக்கில் அரை சதவீதம்வரை பிழை வரலாம். பயணத்துக்கு அது பொருட்டே இல்லை.

விமானம் தரையிலிருந்து 10, 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: கூடும், இந்த வழியில் மொத்தமே 14 கி.மீ. அளவுக்கு.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். 8,280 கி.மீ. என்பது தரை மைலில் சுமார் 5,150, கடல் மைலில் சுமார் 4,470. தரை மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. நாலு தளத்தில் நாலு எண் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்னொரு சோதனையும் உண்டு. பூமியில் எந்த இரண்டு இடமும் சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்க முடியாது. அதைத் தாண்டி ஒரு எண் வந்தால் அது நேர்த்தூரம் இல்லை, எங்கேயோ சுற்றிப்போகும் கணக்கு.

தூரத்திலிருந்து நேரத்துக்கு

நெடுந்தூர விமானங்கள், அதாவது போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை, ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் போகின்றன. அந்த உயரத்தில் குளிர் அதிகம், ஒலியே மெதுவாகத்தான் போகும். அதனால் இது மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. என்று ஆகிறது. ஏ320 போன்ற சின்ன விமானங்கள் இதைவிடக் கொஞ்சம் மெதுவு, 830 என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் பயன்படுத்தும் கணக்கு எளிது. கிலோமீட்டரை 900-ஆல் வகுங்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறைவு என்பதால் அரை மணி கூட்டுங்கள். தரையில் ஓடுபாதைவரை ஊர்ந்துபோவது, இறங்கியபின் பயணிகள் ஏறி இறங்கும் கேட்டுக்கு வருவது இரண்டுக்கும் இன்னொரு இருபது, முப்பது நிமிடம். 8,280-ஐ 900-ஆல் வகுத்தால் 9.2 மணி. எல்லாம் கூட்டினால் பத்து மணி நேரம் சுமார்.

கால அட்டவணையைத் திறந்து பாருங்கள். டோக்கியோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒன்பது மணி சொச்சம் போட்டிருக்கும். திரும்பி வரப் பதினோரு மணி அளவில் இருக்கும். நம் பத்து மணி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கணக்கு தப்பில்லை, காற்றைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

காற்றைச் சேர்த்தால்

நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். 1920-களில் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி பலூன்களை விட்டு இதை அளந்து எழுதினார். எழுதியது எஸ்பெராண்டோ என்ற செயற்கையாக உருவாக்கப்பட்ட மொழியில் என்பதால் வெளியே பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் உலகம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது.

ஒரு பேச்சுக்கு வழி நெடுக சராசரியாக மணிக்கு 100 கி.மீ. காற்று என்று வைப்போம். கிழக்கே போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 1,000, நேரம் 8.3 மணி. மேற்கே வரும்போது வேகம் 800, நேரம் 10.4 மணி. ஒரே தூரம், இரண்டு மணி நேர வித்தியாசம். இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டையும் கூட்டினால் 18.6 மணிக்குக் கொஞ்சம் மேல், காற்றே இல்லாமல் போய்வந்தால் 18.4. போகும்போது கொடுத்ததைவிட வரும்போது காற்று அதிகமாகவே பிடுங்கிக்கொள்கிறது.

பூமி கிழக்குப் பக்கமாகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் போய்ச் சேரும் என்று ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது. அட்டவணையே அதைப் பொய்யாக்குகிறது, மேற்கே போவதுதான் தாமதம். பூமியோடு சேர்ந்து காற்றுமண்டலமும் சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது.

ஜெட் ஸ்ட்ரீம் குளிர்காலத்தில் பலமாக இருக்கும். அதனால் ஒரே விமானத்துக்குக் குளிர்கால அட்டவணையில் ஒரு நேரமும் கோடை அட்டவணையில் வேறு நேரமும் போடுவார்கள். விமான உலகில் கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறிலும் குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறிலும் தொடங்குகின்றன. நீங்கள் ஜனவரியில் பறக்கப்போகிறீர்கள் என்றால் ஜூலை மாத நேரத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

காற்று எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு ஒரு சம்பவம். 2020 பிப்ரவரியில், கியாரா புயல் நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அதற்கு ஆறரை மணி சுமார் ஆகும். தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தொட்டது. ஆனாலும் அது ஒலியைத் தாண்டிய விமானம் இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. காற்றே ஓடியது.

வரைபடத்தில் தெரியாத தடைகள்

பெருவட்ட வழி அரசியலைப் பார்க்காது, விமானம் பார்த்தாக வேண்டும். லண்டன்–டோக்கியோ தூரம் சுமார் 9,600 கி.மீ. ரஷ்யாவுக்கு மேலே பறந்த காலத்தில் இது பன்னிரண்டு மணி நேரப் பயணம். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கி ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பின், ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனங்கள் வடக்கே துருவத்தை ஒட்டியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றுகின்றன. பயணம் பதினான்கு மணி நேரத்தை நெருங்கிவிட்டது. சீன நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்குப் போகும் ஒரே வழியில் நிறுவனத்தைப் பொறுத்து நேரம் மாறும். தூரத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் தளத்தில் இது எதுவுமே தெரியாது.

இரண்டு என்ஜின் விமானங்கள், ஒரு என்ஜின் நின்றாலும் அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு ஏர்போர்ட்டை அடையும்படிதான் வழியை வகுக்க வேண்டும். தெற்குப் பெருங்கடல் பக்கம் போகும் வழிகள் சில நேரம் வளைவது இதனால்தான்.

நம்பகமான நேரம் எங்கே கிடைக்கும்

கணக்கு போட்டது ஒரு பிடிமானத்துக்கு. திட்டமிட, விமான நிறுவனத்தின் அட்டவணையை எடுங்கள். அதில் இருக்கும் நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. ஒரு கேட்டை விட்டு விமானம் நகர்வதிலிருந்து இன்னொரு கேட்டில் வந்து நிற்பதுவரை உள்ள நேரம். நெரிசலுக்காக நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள்கின்றன. "அரை மணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம்" என்று பைலட் அறிவிப்பதன் ரகசியம் இதில் பாதி.

அப்புறம், பிளைட்ரேடார்24, பிளைட்அவேர் போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைப் போட்டுக் கடந்த சில நாட்கள் அது உண்மையில் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். அட்டவணை சொல்வது எது, நடப்பது எது என்பது ஒரு வாரத்துப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். எந்தக் கணக்கையும்விட நான் இதைத்தான் நம்புவேன்.

கடிகாரக் கணக்கு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பறக்கும் நேரம் வராது. இரண்டையும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டால் குழப்பமே இல்லை.

டோக்கியோ யூ.டி.சி.யைவிட 9 மணி முன்னே. சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் 8 மணி பின்னே. திங்கள் மாலை 5 மணிக்கு டோக்கியோவில் கிளம்புகிறீர்கள் என்றால் யூ.டி.சி.யில் திங்கள் காலை 8 மணி. பறக்கும் நேரம் 9 மணி 20 நிமிடம் கூட்டினால் மாலை 5.20. அதிலிருந்து 8 கழித்தால் சான் பிரான்சிஸ்கோவில் திங்கள் காலை 9.20. கிளம்பியதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்! திரும்பும்போது திங்கள் காலை 11 மணிக்குக் கிளம்பினால் யூ.டி.சி.யில் இரவு 7 மணி. 11 மணி நேரம் பறந்தால் செவ்வாய் காலை 6. டோக்கியோவில் அது செவ்வாய் பிற்பகல் 3 மணி. டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக ஒரு குறி இருக்கும், மறுநாள் என்று அர்த்தம். ஹோட்டல் அறையைத் தவறான தேதிக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குறியைப் பார்க்காதவர்கள்.

கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும், ஜப்பான் நகர்த்தாது. 17 மணி வித்தியாசம் 16 ஆகும். இரண்டு ஊர்களும் நகர்த்துகிற இடங்களிலும் ஒரே நாளில் நகர்த்துவதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறில், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறில். நடுவில் இரண்டு மூன்று வாரம் லண்டன்–நியூயார்க் வித்தியாசம் 5 மணிக்குப் பதில் 4 மணிதான். எல்லா நாடும் முழு மணிக் கணக்கில் இருப்பதும் இல்லை. நேபாளம் 5 மணி 45 நிமிடம் முன்னே. அதனால் மனக்கணக்கு வேண்டாம், பயணத் தேதியைப் போட்டே வித்தியாசத்தைப் பாருங்கள்.

நடுவில் இறங்கி ஏறினால்

நேரடி விமானம் இல்லாத ஊர்களே அதிகம். லண்டன்–சிட்னி நேர்த்தூரம் சுமார் 17,000 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் சுமார் 10,900, பின் 6,300, மொத்தம் 17,200. கூடுவது வெறும் 200 கி.மீ. அளவு. துபாய் வழியாக 17,500 சொச்சம். லாஸ் ஏஞ்சலஸ் வழியாகப் போனால் 20,800-ஐத் தாண்டும், அதாவது நாலு மணி நேரத்துக்கு மேல் வீண். டிக்கெட் விலை ஒன்றாகவே தெரிந்தாலும் இடையில் நிற்கும் ஊர் வழியில் இருக்கிறதா, வழியை விட்டு விலகியிருக்கிறதா என்று குளோபில் நூலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டைரக்ட் என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். ஒரே விமான எண்ணில் நடுவில் ஒரு ஊரில் நின்று போனாலும் அதை டைரக்ட் என்றே சொல்வார்கள். எங்கும் நிற்காமல் போவது நான்-ஸ்டாப். இன்று உலகின் மிக நீண்ட நான்-ஸ்டாப் வழிகளில் ஒன்றான சிங்கப்பூர்–நியூயார்க் 15,300 கி.மீ.க்கு மேல், பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். உங்கள் தூரம் இதைத் தாண்டினால் இடையில் இறங்குவது ஏறக்குறைய நிச்சயம்.

இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அது உங்கள் பாடு. பணம் மிச்சம் என்று தனித்தனியாக வாங்கத் தோன்றும். முதல் நெடும்பயணத்துக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். அமெரிக்க ஏர்போர்ட் வழியாக வேறு நாட்டுக்குப் போனால், வெறும் மாறுதலுக்குக்கூட அங்கே குடிநுழைவுச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். அதற்குரிய விசா அல்லது அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், நேரத்தையும் தாராளமாக விடுங்கள்.

வாசலிலிருந்து வாசல்வரை

பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே ஏர்போர்ட்டில் இருக்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்து அங்கே போகும் நேரம் தனி. இறங்கியபின் குடிநுழைவு வரிசை, பெட்டி வருவது, சுங்கம் என்று ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம். ஆக, டோக்கியோ–சான் பிரான்சிஸ்கோ ஒன்பதரை மணிப் பயணம் வாசலிலிருந்து வாசல்வரை பதினைந்து மணியைத் தொடும். அழைத்துப்போக வருபவருக்கு விமான எண்ணை அனுப்பிவிடுங்கள், அவரே டிராக்கரில் பார்த்துக்கொள்வார். இறங்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வருவேன் என்றும், சேரும் ஊரின் தேதி எது என்றும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.